எழுபது டிகிரிக்குக் கீழே

ராயபுரத்தில் ஷாகுல் ஹமீதின் வீட்டு மாடிப்படி சுவிட்ச் 'விரல் படாத வெளிச்சம்' என்ற திட்டத்தின் கீழ் வந்தது. போனில் தட்டினால் விளக்கு எரியும், மறுபடி தட்டினால் அணையும், சுவரில் கை வைக்கவே தேவையில்லை என்று சொல்லித்தான் மாட்டிவிட்டுப் போனார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள். இரண்டே மாதத்தில் அந்த சுவிட்சில் யாரும் கை வைக்க முடியாமல் போனது.

திட்டத்தை நடத்துவது தொல்மனை ஒளிமேம்பாட்டு வாரியம். ஐம்பது வருஷம் தாண்டிய வீடுகளுக்கு ஒரு சுவிட்ச் இலவசம். வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு படிவம் இருந்தது. ஆனால் அதை நிரப்ப சுவிட்சின் வரிசை எண் வேண்டும், அந்த எண் சுவிட்சை மாட்டிய பிறகுதான் தெரியும். ஷாகுல் ஹமீது துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிறும் சங்கிலியும் தார்ப்பாயும் விற்கிறவர். படகுக்காரர்களோடு முப்பது வருஷம் பேரம் பேசியவர். இந்தப் படிவத்திடம் தோற்றுப்போனார்.

சுவிட்சின் மேல் சிவப்பு பிளாஸ்டிக்கில் ஒரு சீல். அதை உடைத்தால் விசாரணை முடியும்வரை, அதாவது இருபத்தொரு நாளுக்கு, வீட்டுக்கே மின்சாரம் கிடையாது. இன்னொரு வசதியும் இருந்தது. மாலை ஆறு மணி ஆனால் சுவிட்ச் தானாகவே விளக்கைப் போட்டுக்கொள்ளும். வீட்டார் பழகுவதற்காக முதல் தொண்ணூறு நாள் அதை யாரும் மாற்றவோ அணைக்கவோ முடியாது. தினமும் ஆறரைக்கு போனில் ஒரு செய்தி வரும்: 'உங்கள் சுவிட்ச் நலம்.'

மே மாதம் மகள் லுப்னாவுக்கு ஆபரேஷன் செய்து ஆண் குழந்தை பிறந்தது. அஃப்ரித் என்று பெயர் வைத்தார்கள். நாற்பது நாள் தாய்வீட்டில் இருந்துவிட்டுத்தான் மாதவரத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போவாள். கீழே ஒரே கூடம், அதிலேயே சமையல், அதிலேயே பாதிக் கடைச் சரக்கு. ஆகவே தாயும் பிள்ளையும் மாடி அறையில் இருந்தார்கள். தையல் ஆறும்வரை படி இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த அறைக்கு ஒரே வழி மரப்படி. அந்தப் படியின் காலடியில், மரச்சட்டத்தை ஒட்டி, வாரியத்தின் சுவிட்ச்.

குழந்தை வந்த மூன்றாம் நாள் மாலை, ஜன்னத் படியேறப் போனவள் சுவரைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"ஏங்க, இத்த வந்து தொட்டுப் பாருங்க. தோசைக்கல்லாட்டம் கீது."

ஷாகுல் ஹமீது தொட்டார். அன்று இரவு கடைச் சரக்கில் நைலான் கயிறு மொத்தத்தையும் கடைக்குக் கொண்டுபோய் அடைத்தார். திரும்பி வரும்போது ஒரு வாளியில் கடற்கரை மணல் அள்ளி வந்து படியருகில் வைத்தார். பிறகு படியில் உட்கார்ந்தார். பிடரியில் வியர்வை வழிந்தது. மேலே பேரன் அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

தெருமுனையில் மோட்டார் காயில் கட்டுகிற லூர்து வந்து பார்த்தான். இந்த வீட்டு ஒயரிங் அவன் அப்பா செய்தது.

"லோடு ஜாஸ்தி பாய். இதுல இன்னா ஓடுது?"

"ஒரு லைட்டுதான்பா. ஒம்போது வாட்ஸு."

"ஒம்போது வாட்ஸுக்கு இம்மாம் சூடா? கயட்டிப் பாத்தாதான் தெரியும். ஆனா அந்த சீலை நான் தொட்டன்னா உன் வூட்டுக்கு கரண்டு கட்டு. பச்சப்புள்ள கீற வூடு. நீ வாரியத்துக்குச் சொல்லு."

ஷாகுல் ஹமீது வாரியத்துக்குச் சொன்னார். புகாரை போனில்தான் பதிய வேண்டும். குடும்பத் தலைவர் மட்டுமே பதியலாம். மற்றவர் குரல் கேட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று முதலிலேயே ஒரு அம்மா இனிமையாகச் சொன்னார். ஜன்னத் பக்கத்திலிருந்து, "சாயங்காலம்தான் சுடுதுன்னு சொல்லுங்க" என்றதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது. இரண்டாம் முறை அவளை மாடிக்கு அனுப்பிவிட்டுப் பேசினார்.

நாற்பத்திரண்டு கேள்விகள். வீட்டின் வயது, கதவின் நிறம், கடைசியாக வெள்ளையடித்த ஆண்டு, விளக்கின் மேல் தூசி உண்டா இல்லையா. சூட்டைத் தெரிவிக்க மூன்று பிரிவுகள் தந்தார்கள்: ஆறிய டீ, குடிக்கும் டீ, ஊதிக் குடிக்கும் டீ. அவர் ஊதிக் குடிக்கும் டீயைத் தேர்ந்தெடுத்தார். மறுநாள் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, கண்ணாடி டம்ளரா எவர்சில்வர் டம்ளரா என்று விளக்கம் கேட்டார்கள். சூடு எப்போது தொடங்கியது என்றும் கேட்டார்கள். பேரன் வந்ததிலிருந்து என்றார். 'வெப்பத்துக்கும் குழந்தைக்கும் உள்ள தொடர்பு ஆராயப்பட வேண்டும்' என்று கோப்பில் ஏறியது. அந்தக் கோப்பில் உருப்படியாக இருந்தது அந்த ஒரு வரிதான் என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை, எழுதியவருக்கும் தெரியவில்லை.

பரிசோதிக்க அறிவு என்ற வெப்பச் சரிபார்ப்பாளர் வந்தார். காலை பதினொரு மணிக்கு வந்தார். ஏனென்றால் வாரியத்தின் வேலைநேரம் பத்தரை முதல் நாலரை வரை. விளக்கைப் போட்டுவிட்டு இருபது நிமிஷம் சுவிட்சைப் பார்த்தபடி நின்றார். சுவிட்ச் குளிர்ந்து கிடந்தது. ஷாகுல் ஹமீது கையை வைத்துப் பார்த்தார். அவருக்கே வெட்கமாக இருந்தது.

"சார், சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்கு வந்தீங்கன்னா..."

"அப்ப ஆபீஸ் கிடையாதுங்களே" என்றார் அறிவு. நல்ல மனிதர். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தாளில் 'பொய்ச்சூடு, முதல் முறை' என்று இருந்தது. இரண்டாம் முறையும் பொய்ச்சூடு என்று தெரிந்தால் வாரியத்தின் நேரத்தை வீணடித்ததற்காக அந்த வீட்டின் மின்சாரம் இருபத்தொரு நாள் நிறுத்தப்படும்.

அன்று மாலை ஆறு மணிக்கு விளக்கு தானாக எரிந்தது. ஆறரைக்கு போனில் 'உங்கள் சுவிட்ச் நலம்' என்று வந்தது. ஆறே முக்காலுக்கு சுவிட்சைச் சுற்றியிருந்த சுண்ணாம்பு பழுப்பேறத் தொடங்கியது. ஷாகுல் ஹமீது ஓடிப்போய் வாசலில் இருந்த மெயின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார். மாடியில் ஃபேன் நின்றது. மே மாதப் புழுக்கத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. அரை மணி நேரம் கழித்து மறுபடி ஃபியூஸைச் செருகினார். இப்படியே நான்கு நாள். இரவில் அவரும் ஜன்னத்தும் முறை வைத்துப் படியில் உட்கார்ந்தார்கள்.

"எனக்கு பயமா கீதுங்க" என்றாள் ஜன்னத். "கண்ண மூடுனா அந்தப் படி எரியிறாப்பலயே தோணுது. அவளால எறங்கக்கூட முடியாதுங்க."

அவருக்கும் அதே பயம்தான்.

ஐந்தாம் நாள் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறித் திருவொற்றியூரில் இருந்த மண்டல அலுவலகத்துக்குப் போனார். மூன்றாவது மாடி. மண்டல ஒளி அலுவலர் சுப்பராயனின் அறை வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு உள்ளே விட்டார்கள். சுப்பராயனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மேஜையில் ஒரு தாள்கூட இல்லை. வேலையெல்லாம் தீர்ந்துபோனதாலா, எதுவுமே தொடங்காததாலா என்று சொல்ல முடியாத சுத்தம்.

"உட்காருங்க பாய். உங்க கோப்பைப் படிச்சேன். உங்க தவிப்பு எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு நீங்க புரிஞ்சுக்கணும். சூடுங்கிறது உங்க அபிப்பிராயம். வாரியத்தைப் பொறுத்தவரை எழுபது டிகிரிக்கு மேலதான் சூடு. அதுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் தட்பவெப்பம். அறுபத்தொம்பதைச் சூடுன்னு ஒத்துக்கிட்டா நாளைக்கு அறுபத்தெட்டு வந்து நிக்கும். அப்புறம் நாற்பதுக்கும் சூடுன்னு பேரு வைக்கணும். மெட்ராஸ்ல மே மாசத்துல மனுஷனே நாற்பதுக்கு வந்துடறான். எத்தனை பேருக்கு நாங்க பதில் சொல்றது?"

"சார், மேல பொண்ணு கீது. பச்சப்புள்ள கீது. மரப்படி சார்."

"அதனாலதான் பாய் நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன்." சுப்பராயன் எழுந்து நின்றார். முடிவுகளை அவர் நின்றுகொண்டுதான் சொல்வார் போலிருக்கிறது. "இந்தப் பன்னிரண்டு வருஷத்துல நான் ஒரு தடவைகூட அவசரப்பட்டது கிடையாது. என் கையெழுத்தால ஒரு வீடும் எரிஞ்சது இல்லை. ஏன்னா நான் எதுலயும் கையெழுத்து போட்டது இல்லை. இருந்தாலும் உங்களுக்காக வெப்ப நிர்ணயக் குழுவைக் கூட்டறேன். நானே வரேன். வியாழக்கிழமை மூணு மணி."

வெப்ப நிர்ணயக் குழுவில் மூன்று பேர்: சுப்பராயன், அறிவு, மூன்றாவதாக ஒரு வெப்பவியல் நிபுணர். நிபுணர் பதவி ஏழு வருஷமாகக் காலி. இருந்தாலும் அவருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும் என்பது விதி. வியாழக்கிழமை ஷாகுல் ஹமீது பக்கத்து வீட்டில் நாற்காலி கடன் வாங்கிப் போட்டார். நிபுணருக்கும் சேர்த்து மூன்று கிளாஸ் ரோஸ் மில்க் வைத்தாள் ஜன்னத். விதியில் அது இல்லை, ஆனால் சுப்பராயன் மறுக்கவில்லை. தன்னுடையதையும் நிபுணருடையதையும் அவரே குடித்தார்.

லூர்துவும் வந்திருந்தான். வெளியாட்கள் குழுவிலிருந்து எட்டடி தள்ளி நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எட்டடி அளந்து பார்த்ததில் அவன் வாசற்படிக்கு வெளியே வெயிலில் நிற்க வேண்டியதாயிற்று.

அறிவு துப்பாக்கி போலிருந்த கருவியை சுவிட்சுக்கு நேராகப் பிடித்தார். முப்பத்து நான்கு டிகிரி. விளக்கைப் போடவில்லை. தனியாக வரும் சரிபார்ப்பாளர் பகலில் விளக்கு போடலாம், குழுவுக்கு அந்த அதிகாரம் இல்லை, வீட்டாரின் இயல்பான பயன்பாட்டை மட்டுமே அளக்கலாம். பகல் மூன்று மணிக்கு மாடிப்படி விளக்கை யார் இயல்பாகப் போடுவார்கள்? சுப்பராயன் பேனாவைத் திறந்தார்.

"பொய்ச்சூடு, இரண்டாம் முறை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

"சார், ஒரே ஒரு நாளு ஆறு மணிவரிக்கும் இருங்க சார். கைய வெச்சிப் பாருங்க சார். நான் பொய் சொல்ற ஆளு இல்ல சார்."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு யார் சொன்னா? சூடுதான் பொய் சொல்லுது."

அப்போது மாடியிலிருந்து லுப்னாவின் குரல் வந்தது.

"உம்மா! புள்ள துணியெல்லாம் நாஸ்தி பண்ணிட்டான். கழுவணும். வெந்நி வெக்கணும், லைட்ட போடு!"

ஜன்னத் வழக்கம்போல் போனை எடுத்துத் தட்டினாள். மாடிப்படி விளக்கு எரிந்தது. பகல் வெளிச்சத்தில் அது எரிவதே தெரியவில்லை. வாசலுக்கு வெளியே வெயிலில் நின்ற லூர்து மட்டும் தலையைத் தூக்கினான்.

"இன்னா சொல்லிச்சி அந்தப் பொண்ணு?"

"வெந்நி வெக்கப் போவுது" என்றாள் ஜன்னத்.

"வெந்நிக்கி இன்னாத்துக்கு லைட்டு?"

"லைட்ட போட்டாதான அந்த ரூம் பிளக்குல கரண்டு வரும்" என்றாள் ஜன்னத். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அது அப்படித்தான். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதை யாரும் யாருக்கும் சொல்வதில்லையே. "தெனம் சாயங்காலம் தாயும் புள்ளையும் குளிக்கிறதுக்கு பக்கெட்டு தண்ணில ராடு போட்டு காய வெக்கிறோம். ஆயிரம் வாட்ஸு ராடு."

லூர்து தலையில் கை வைத்துக்கொண்டான். "எங்க நைனா! ஒயரு மிச்சம் புடிக்கறன்னு பிளக்க லைட்டு சுச்சுலயே கோத்துவுட்டு கீறாரு. அந்தக் காலத்துக் கறுப்பு சுச்சு அத்தத் தாங்கிச்சி, இது எப்டி தாங்கும்? பாய், ஒம்போது வாட்ஸ் இல்ல பாய் இதுல ஓடறது! ஏன் பாய் மொதல்லயே சொல்லல?"

ஷாகுல் ஹமீது மனைவியைப் பார்த்தார். அவள் மூடிய கதவைப் பார்ப்பதுபோல் சுப்பராயனைப் பார்த்தாள்.

"என்ன யாரு கேட்டாங்க? நாப்பத்திரெண்டு கேள்வி கேட்டாங்க, நான் வாயத் தொறந்தா போன வெச்சிட்டாங்க."

அதற்குள் அறிவின் கருவி நாற்பத்தொன்று காட்டியது. சுப்பராயன் பேனாவை மூடினார். முகத்தில் ஒரு உற்சாகம் வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஒரு சூடு அலுவலக நேரத்தில் உருவாகிக்கொண்டிருந்தது.

"யாரும் எதையும் தொடக் கூடாது! அளவு எடுக்கணும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், மொத்தம் மூணு அளவு. எழுபதைத் தொட்டா உங்க புகார் உண்மைன்னு ஆகிடும் பாய். உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"ராட்ட புடுங்கச் சொல்லுங்க!" என்று லூர்து வெளியிலிருந்து கத்தினான்.

"லுப்னா! ராட்ட எடும்மா! லுப்னா!" என்று ஜன்னத் கூவினாள். மேலே குழந்தை அலறிக்கொண்டிருந்தது. லுப்னாவுக்கு எதுவும் கேட்கவில்லை. ஜன்னத் போனை மறுபடி மறுபடி தட்டினாள், சூட்டில் ஒட்டிக்கொண்ட சுவிட்ச் அணையவில்லை என்றதும் படியில் கால் வைத்தாள். சுப்பராயன் கையை நீட்டி மறித்தார்.

"அம்மா, இயல்பான பயன்பாடு. குறுக்கிடக் கூடாது. இரண்டாவது அளவு?"

"ஐம்பத்தெட்டு சார்" என்றார் அறிவு. சட்டத்திலிருந்து எரிந்த அரக்கு வாடை வந்தது. சுண்ணாம்பில் ஒரு பழுப்பு வட்டம் கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டிருந்தது. மெல்லிய புகை ஒன்று சுவரை விட்டுப் பிரிந்து, படி படியாக மேலே ஏறத் தொடங்கியது.

"சார், புகை சார்" என்றார் அறிவு.

"புகைக்கு வேற பிரிவு. நாம வந்தது சூட்டுக்கு. இப்ப எவ்வளவு?"

"அறுபத்தாறு."

"பாத்தீங்களா பாய்! கொஞ்சம் பொறுங்க. நான் சொன்னேனே, அவசரப்பட்டா எதுவும் நடக்காது. அறுபத்தேழு. வரட்டும், வரட்டும்."

ஷாகுல் ஹமீது புகையைப் பார்த்தார். அது ஒன்பதாம் படியைத் தாண்டிவிட்டது. பதினான்காம் படியில் மகளின் அறை. பதினோரு நாளாக அவர் யாரிடமெல்லாம் சார் என்று சொன்னார், எத்தனை முறை சொன்னார் என்பதெல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. உடம்பெல்லாம் கோபம் ஏறியது. சுப்பராயன் மேலா, தன் மேலா என்று தெரியவில்லை.

"அறுபத்தொம்பது!" என்றார் சுப்பராயன். கைதட்டிவிடுவார் போலிருந்தது. "இன்னும் ஒரே ஒரு டிகிரி!"

"போய்யா!" என்றார் ஷாகுல் ஹமீது. நிபுணரின் நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலுக்குப் பாய்ந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார். ஜன்னத் சுப்பராயனின் கையைத் தட்டிவிட்டுப் புடவையை வாயில் பொத்திக்கொண்டு மேலே ஓடினாள். லூர்து எட்டடியையும் ஒரே தாவில் தாண்டி உள்ளே வந்து மணலை வாரி அடித்தான்.

புகை நின்றது. வீடு அமைதியாயிற்று. மேலே குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு விக்கியது கேட்டது. ஷாகுல் ஹமீது ஃபியூஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"சீலை யாராவது தொட்டா..." என்று சுப்பராயன் ஆரம்பித்தார்.

"எங்க சார் சீலு?" என்றான் லூர்து.

சிவப்பு சீல் உருகி, சுவரில் ஒழுகி, தரையில் சொட்டியிருந்தது. விதிகளில் சீலை உடைப்பதற்கும் கிழிப்பதற்கும் வெட்டுவதற்கும் தண்டனை உண்டு. சீல் தானாக உருகுவதைப் பற்றி ஒன்றும் இல்லை. சுப்பராயன் போனில் விதிப்புத்தகத்தைத் திறந்து இரண்டு முறை தேடினார். அவர் தேடி முடிப்பதற்குள் லூர்து ஸ்க்ரூவைக் கழற்றி சுவிட்சை வெளியே எடுத்துவிட்டான். பின்னால் இருந்த மரப்பெட்டி முழுக்கக் கரியாகியிருந்தது. கரி முடிந்த இடத்துக்கும் படியின் முதல் சட்டத்துக்கும் நடுவில் லூர்துவின் கட்டைவிரல் அகலம்தான் இருந்தது. விரலை வைத்துக் காட்டினான். அறிவு அதைப் பார்த்துவிட்டுக் கருவியைப் பைக்குள் வைத்தார். வாசலுக்குப் போய் அங்கேயே நின்றுகொண்டார்.

குழுவின் தீர்ப்பு அடுத்த வாரம் தபாலில் வந்தது. பதிவான அதிகபட்ச அளவு அறுபத்தொன்பது. குடும்பத் தலைவரின் குறுக்கீட்டால் மேற்கொண்டு அளக்க இயலவில்லை. எழுபதை எட்டாததால் சூடு இல்லை. விளக்கு எரியும்போது வெப்பம் ஏறியதைக் குழுவே அளந்ததால் பொய்ச்சூடும் இல்லை, ஆகவே மின்சாரம் நிறுத்தப்படாது. நிபுணர் மறுப்பு தெரிவிக்காததால் தீர்ப்பு ஒருமனதானது.

லூர்து மாடிப் பிளக்குக்குத் தனியாக ஒயர் இழுத்தான். அவன் அப்பா மிச்சம் பிடித்த ஒயருக்கு அவன் கூலி வாங்கிக்கொள்ளவில்லை. படியருகில் பழைய மாதிரிக் கறுப்பு சுவிட்ச் ஒன்று வந்தது. அதைக் கையால்தான் போட வேண்டும். கரிந்த வட்டத்தின் மேல் வெள்ளையடிக்கலாம் என்றார் ஷாகுல் ஹமீது. ஜன்னத் கூடாது என்றாள்.

"இர்க்கட்டும். தெனம் பாக்கணும் நீங்க. அப்பதான் என்னியும் ஒரு வார்த்த கேப்பீங்க."

இரண்டு நாள் கழித்து, மாடியில் வேறு ஏதாவது எதிலாவது கோத்திருக்கிறதா என்று அவளிடம் கேட்டார். அவள் கேட்டதற்கு மேலேயே சொன்னாள். லூர்து வந்து மேலும் இரண்டு இடத்தில் ஒயரை மாற்ற வேண்டியிருந்தது.

கழற்றிய சுவிட்ச் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது. மின்சாரம் இல்லாததால் அது வாரியத்துக்கு எந்த வெப்பத்தையும் தெரிவிப்பதில்லை. ஆகவே தினமும் ஆறரைக்கு 'உங்கள் சுவிட்ச் நலம்' என்று தவறாமல் வருகிறது. அப்படி இருபது நாள் நலமாக இருந்ததைப் பாராட்டி வாரியம் ஒரு நற்சான்றிதழும் அனுப்பியது. கெட்டி அட்டை, தங்கக் கரை, கீழே சுப்பராயனின் கையெழுத்து. அவர் வாழ்க்கையில் போட்ட முதல் கையெழுத்தாக அது இருக்கலாம்.

அது வந்த அன்று மாலை தெருவுக்கே கரண்ட் போயிருந்தது. காற்றில்லை. லுப்னாவுக்குத் தையல் ஆறி, அவளே படியிறங்கி வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் மாதவரத்துக்குக் கிளம்ப வேண்டும். பேரன் புழுக்கத்தில் சிணுங்கினான். ஜன்னத் அவனை மடியில் போட்டுக்கொண்டு, கைக்கு அகப்பட்ட அந்தச் சான்றிதழை எடுத்து விசிறினாள். குழந்தை மெல்ல அடங்கிக் கண்ணை மூடியது.

"தபாருங்க" என்றாள் கணவனிடம், விசிறுவதை நிறுத்தாமல். "ஒருவழியா வாரியம் சூட்ட கொறச்சிடுச்சி."